ஒன்பதாம் சுருள்

ஒரே படம், இரண்டு கொட்டகை, ஒரு சைக்கிள்.
சால்ட்டோ நகரில் அறுபத்தொன்றின் ஜூலைக் குளிர்.
மேட்டுத் தெருவில் ஏழு மணிக்குத் தொடங்கும்,
ஆற்றங்கரையில் எங்களுக்கு ஏழரைக்கு.
அங்கே ஓடி முடிந்த சுருளைத்
தகர டப்பாவில் போட்டு
வாஷிங்டன் மிதித்து வருவான்.
உருகுவேயில் அப்படியும் பெயர் வைப்பார்கள்.
அவன் தம்பி நெல்சன்.
நான் நெலிதா, டிக்கெட் கிழிப்பவள்.

படத்தில் ஒரு பியானோக்காரன்.
வாசிப்பவன் இல்லை, சுருதி சேர்ப்பவன்.
ஒரு விதவையின் வீட்டில் ஏழு நாள் வேலை.
ஏழாம் நாள் எல்லாக் கட்டைகளும் சரியாகிவிட்டன.
அதுதான் இருவருக்கும் வந்த கேடு.

நான்கு வாரம் ஓடியது.
நான்கு வாரமும் வாஷிங்டன் பார்த்தது
மூச்சு வாங்கும் நேரத்தில் கிடைத்த
ஒரு படிக்கட்டு, ஒரு தொப்பி, பாதி அழுகை.
சைக்கிள் ரொட்டிக் கடையுடையது.
கடைசிச் சுருளைக் கொடுத்ததும்
அதைத் திருப்பிவிட ஓட வேண்டும்.

மிச்சக் கதையை நான் சொன்னேன்,
வாசல் திரையைப் பிடித்தபடி, கிசுகிசுவென்று.
அவன் புருவத்தில் மாவு, சட்டையில் சங்கிலி எண்ணெய்.
ஐந்தாம் சுருளில் அவன் அவள் கையைப் பிடித்ததை
மூன்று நாள் ஒத்திப்போட்டுத்தான் சொன்னேன்.
முடிவை மட்டும் சொல்லவேயில்லை.
சொல்லிவிட்டால்
பிறகு நின்று கேட்க என்ன இருக்கிறது?

கடைசிச் சனிக்கிழமை
ஒன்பதாம் சுருள் வரவில்லை.
வெறும் வெள்ளைத் திரை.
முந்நூறு பேர் தரையை உதைக்கிறார்கள்.
முதலாளி என்னை முறைத்தார்,
ஆற்றைப் பெருகச் சொன்னவள் நான்தான் என்பதுபோல்.
குடையில்லாமல் ஓடினேன்.
சேற்றில் ஒரு காலணி போயிற்று. போகட்டும்.

ஓடைப் பாலத்தில் அவன்,
பஞ்சரான சைக்கிள் தோளில்,
டப்பா சட்டைக்குள், கைப்பிள்ளைபோல.
"முடிவு என்ன?" என்றான், பல் கிட்ட, நடந்துகொண்டே.
"சுமக்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா?"

படகு கிளம்பும். அவள் படகில்.
அவன் கரையில், சுருதிக் கவையைப் பிடித்துக்கொண்டு.
ஒரு கையுறை அசையும்.
பிறகு தண்ணீர், தண்ணீர் மட்டும்.
இருபது முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

நான் சொன்னது:
"அவள் குதித்துவிடுகிறாள்.
ஒற்றைக் காலணியோடு கரையேறி வருகிறாள்.
அவன் ஒன்றும் பேசவில்லை."

வாஷிங்டனும் பேசவில்லை.
என் காலைப் பார்த்தான்.
டப்பாவைக் கொடுத்துவிட்டு
அன்றும் ரொட்டிக் கடைக்குப் போய்விட்டான்.
அக்டோபரில் கல்யாணம்.

நாற்பத்திரண்டு வருடம் கழித்து
பின்னிரவில் டெலிவிஷனைத் திருப்பியவன்
பாதியில் வந்து மாட்டிக்கொண்டான். அதே படம்.
நான் சமையலறைக்குப் போய்
கழுவிய பாத்திரத்தையே கழுவினேன்.
படகின் சங்கு கேட்டது.
பிறகு சோப்பு விளம்பரம்.

இரண்டு நாள் எனக்கு மாத்தே ஊற்றித் தரவில்லை.
தனியாக உறிஞ்சினான்.
எங்கள் ஊரில் அது விவாகரத்துக்கு முந்தைய படி.
"அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்றான் மகன், தொலைபேசியில்.
"படம் பார்த்தார்" என்றேன்.

மூன்றாம் நாள் காலை
குடுவை என் பக்கம் நகர்ந்தது.
"அந்த மடையன் ஏன் கரையிலேயே நின்றான்?"
"தெரியாது."
"ஒன்பது சுருள் ஓடியும் புத்தி வரவில்லையே."
"அவனிடம் யாரும் பொய் சொல்லவில்லை" என்றேன்.

கெண்டியில் நீர் ஆறியிருந்தது.
சூடாக்க எழுந்தவன்
முதுகைக் காட்டியபடி கேட்டான்:
"ஐந்தாம் சுருளில் கையைப் பிடித்தது?"

"அது நிஜம்."

அடுப்பு முதல் குச்சியில் பற்றவில்லை.
இரண்டாவதில் பற்றியது.